தேதி போட்ட ஒரு ரசீது

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை கேட்கும் எல்லோருக்கும் வேலை, அதற்கு நியாயமான கூலி என்பதைச் சட்டமாகவே எழுதி நடத்திப் பார்த்த அனுபவம் நம் நாட்டுக்கு உண்டு. 1970களின் வறட்சியில் மகாராஷ்டிரம் தொடங்கிய வேலை உறுதித் திட்டம் அதற்கு முன்னோடி. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்த தேசிய சட்டத்துக்கு நம் ஊர்களில் நூறு நாள் வேலை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் பலர் கண்ணில் படாத ஒரு துண்டுத் தாள் இருந்தது. வேலை கேட்டு மனுக் கொடுப்பவருக்கு ஊராட்சி தேதியிட்ட ரசீது தர வேண்டும்; 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும் அதன்பின் பாதியும் வேலையில்லாப் படியாகத் தர வேண்டும். உடலுழைப்புக் கூலியை மத்திய அரசு ஏற்க, இந்தப் படியை மாநிலத்தின் கணக்கில் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் "வேலை வந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்ற வாய்வார்த்தையோடு ஆளை அனுப்பிவிட்டால், 15 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கூலிக்கு வருவோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டும் ஆணுக்கு அதைவிடக் கூடுதல் கூலி என்பது வயல்காட்டு வழக்கம். கண்மாய்க் கரையில் மண் சுமக்கும்போது இருவருக்கும் ஒரே விகிதம் என்றானது சிறிய மாற்றமல்ல. தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி பெண்களாக இருந்ததில் வியப்பில்லை. வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற சிறு விவசாயியின் சங்கடம் பொய்யில்லை. ஆயினும், கட்டுப்படியாகாத கூலிக்கு வர முடியாது என்று சொல்லும் தெம்பு உழைப்பவருக்கு வந்தால்தான் கூலி உயரும். வேலை உறுதி செய்யும் பெரிய காரியமே அதுதான்.

அந்தத் தெம்பை அரசே குறைக்கவும் செய்தது. நிவாரணப் பணியானாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தருவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1983இல் கூறியிருந்தும், 2009இல் இத்திட்டக் கூலி மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலியிலிருந்து பிரிக்கப்பட்டது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். வெட்டிய மண்ணை அளந்து கூலி போடும்போது அதுவும் குறையலாம். கூலி தாமதமானால் தரும் ஈடு நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு, அதாவது 336 ரூபாய்க்கு ஏறத்தாழ 17 காசு!

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்துகிறது. கூடவே, பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும் என்கிறது. வேலை கொடுத்தாலும் மாநிலத்துக்குச் செலவு என்றான பிறகு, அந்த ரசீதை எழுத எந்த அலுவலகத்துக்குக் கை வரும்? மேலும், விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் அது இடம் தருகிறது. கூலி பேச உழைப்பவருக்கு வாய்க்கும் நாட்களே அவைதாம்.