இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அரசுப் பள்ளிகளை மேம்படுத்துவது எப்படி என்ற விவாதம் நம் மாநிலத்தில் ஓய்ந்ததே இல்லை. மொழிக் கொள்கை, பாடத்திட்டம், பொதுத்தேர்வு, மருத்துவச் சேர்க்கை என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்று முன்னுக்கு வருகிறது. அவை யாவும் பேசத் தக்கவையே. ஆனால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளிலேயே 31 ஆண்டுகள் பணியாற்றி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த விவாதங்களில் அரிதாகவே பேசப்படும் ஓர் இடத்துக்கு இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்த இடம் ஈராசிரியர் பள்ளி.

ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், அவர்களுள் ஒருவரே தலைமையாசிரியர் என்பதுதான் அந்தப் பள்ளியின் அமைப்பு. நம் பாடத்திட்டப்படி முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியே வருவதால் ஐந்து பாடங்கள். கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 23 பாடங்கள். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையிலும், மற்றவர் நான்கையும் ஐந்தையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். 45 நிமிடப் பாடவேளையில் மூன்று வகுப்புகளைப் பார்க்கும் ஆசிரியரிடமிருந்து ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 15 நிமிடம். எஞ்சிய 30 நிமிடமும் அந்தக் குழந்தைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது எழுதி முடித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். காத்திருப்பதே அந்த வயதில் அவர்கள் பள்ளியில் அதிகம் செய்யும் வேலையாகிவிடுகிறது.

இந்த நிலை யாருடைய அலட்சியத்தாலும் வந்ததன்று. சட்டத்தின் கணக்கே இதைத்தான் தருகிறது. 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர், 120 வரை நால்வர், 200 வரை ஐவர் என்று எழுதப்பட்டிருக்கிறது. இவர்களுக்கு மேலாகத் தனியே ஒரு தலைமையாசிரியர் என்பது 150 குழந்தைகளைக் கடந்த பிறகுதான். அதாவது, சட்டம் தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணவில்லை. 58 குழந்தைகள் ஐந்து வகுப்புகளில் பிரிந்து அமர்ந்திருந்தாலும் அந்தக் கணக்குக்கு அது ஒரே கூட்டம். அந்தச் சட்டம் எத்தனையோ நன்மைகளைச் செய்திருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஓர் அட்டவணை சிறிய ஊர்களின் குழந்தைகளுக்குச் செய்யும் குறையைப் பற்றிக் கல்வியாளர்களின் மேடைகளில்கூட நான் போதுமான அளவு கேட்டதில்லை.

இரண்டு ஆசிரியர்களும் எல்லா நாள்களிலும் வகுப்பில் இருந்தால்கூட ஒருவாறு சமாளிக்கலாம். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் போக வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் பயிற்சி என்றால் இருவருள் ஒருவர் போக வேண்டும். விலையில்லாப் பாடநூல்களும் சீருடைகளும் வந்திருக்கின்றன என்றால் போய் எடுத்துவர வேண்டும். வாக்காளர் பட்டியல் திருத்தம், தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் அது ஓராசிரியர் பள்ளி. என் பணிக்காலத்தில் ஒரு கல்வியாண்டின் முடிவில், வெளிப்பணிகளைக் குறிக்கும் பதிவேட்டைப் புரட்டி, நாங்கள் இருவரும் ஐந்து நாள்களும் முழுமையாக வகுப்பில் இருந்த வாரங்கள் எவை என்று தேடினேன். அப்படி ஒரு வாரத்தைக் கண்டுபிடிக்கவே நெடுநேரம் ஆனது. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் குறையவில்லை, ஏனென்றால் அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளுக்கு அந்த ஆண்டு திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

இதைப் பெற்றோர் கவனிக்காமல் இருப்பார்களா? மகனை அழைத்துச் செல்ல மாலையில் வரும் தாய், வகுப்பறையில் ஆசிரியர் இல்லாததை இரண்டு முறை பார்த்தால் போதும். மூன்றாம் முறை அவர் தெருமுனைக்கு வரும் தனியார் பள்ளி வேனைப் பற்றி விசாரிப்பார். ஆங்கில மோகத்தால் பெற்றோர் போய்விடுகிறார்கள் என்று சொல்வது எளிது. என் அனுபவத்தில் பெரும்பாலோர் தேடிப் போனது ஆங்கிலத்தை மட்டுமன்று. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற உறுதியையும்தான். இதே கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்கி, அவர்களுக்கான செலவை அரசே திருப்பித் தர வழி செய்திருக்கிறது. குலுக்கலில் இடம் கிடைக்கும் குழந்தை ஊர்ப் பள்ளியிலிருந்து குறைகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படும்போது, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு பணியிடம் உபரி ஆகிறது, பணிநிரவலில் ஆசிரியர் வேறு ஊருக்குப் போகிறார். ஆசிரியர் குறைந்ததால் குழந்தைகள் குறைகிறார்கள், குழந்தைகள் குறைந்ததால் ஆசிரியர் குறைகிறார். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும்.

வெட்ட முடியும் என்பதற்கு நம் வரலாறே சான்று. 1953இல் கொண்டுவரப்பட்டு, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட பின், காமராசர் ஆட்சியில் பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளிகள் சென்றன. 1956இல் மதிய உணவு வந்தது. அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் தாங்களே பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியலிட்டு, மணியிலிருந்து மேசை வரை கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவுக்கு இன்னும் பழைய வேர் உண்டு: 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதைத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் முதற்கட்டமாக 1,545 பள்ளிகளுக்குத் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. வகுப்பில் குழந்தை பசியால் தலைசாய்வது எப்படி இருக்கும் என்று பார்த்தவன் நான். இந்தத் தொடர்ச்சியை மதிக்காமல் யாரும் அரசுப் பள்ளியைப் பற்றிப் பேச முடியாது. ஒரு நூற்றாண்டாகக் கட்சி வேறுபாடு கடந்து குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டோம். வந்த குழந்தைக்கு எதிரே ஆசிரியர் நிற்க வேண்டும் என்பதே எஞ்சிய வேலை.

பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் கையாளும் சிக்கலுக்குக் கற்பித்தல் முறையிலும் தீர்வு தேடியிருக்கிறோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தை அட்டைகளின் துணையோடு பாடத்தின் ஏணிப்படிகளில் தன் வேகத்தில் ஏறியது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகைகள் வந்தன. 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலை அறிந்து பிரித்துக் கற்பிக்கிறோம். இரண்டையும் நான் வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். ஆசிரியர் அருகில் அமர்ந்திருக்கும்போது இவை மிக நன்றாக வேலை செய்தன; 'ஆடு' என்ற சொல்லை முதன்முறையாகத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் குழந்தையின் முகத்தை இந்த முறைகள்தாம் எனக்குப் பலமுறை காட்டின. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றி, வருகையைப் பதிந்து, எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில் விவரங்களைப் புதுப்பித்து முடிக்கும்போது, அருகில் அமரும் நேரம்தான் முதலில் கரைகிறது. தரவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவர் மட்டுமே உள்ள பள்ளியிலும், 20 பேர் உள்ள பள்ளியிலும் ஒரே அளவு பதிவுகளைக் கேட்பது முறையன்று என்கிறேன்.

இவ்வளவுக்கும் எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. 30 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் 15 பேருக்கு ஒருவர். இதற்கு மேலும் எப்படிக் கொடுப்பது, பேசாமல் சிறிய பள்ளிகளை அருகிலுள்ள பெரிய பள்ளியோடு இணைத்துவிடலாமே என்று நிதியை அறிந்தவர்கள் கேட்கிறார்கள். ஒரே வளாகத்தில் அல்லது ஒரே தெருவில் இரண்டு பள்ளிகள் இருக்கும் இடங்களில் இணைப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் நான் பணியாற்றிய சிற்றூரிலிருந்து அடுத்த பள்ளிக்கு நடுவே ஓடையும் நெடுஞ்சாலையும் இருந்தன. ஆறு வயதுப் பெண்குழந்தையை அந்த வழியே தினமும் அனுப்ப எந்தத் தாயும் துணியமாட்டார். மழைக்காலத்தில் அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள், சில மாதங்களில் தம்பியைப் பார்த்துக்கொள்பவளாகிவிடுவாள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்ற விதி இந்தக் குழந்தையை நினைத்து எழுதப்பட்டது. அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டு, எண்ணிக்கை எதுவாயினும் ஐந்து வகுப்புகள் நடக்கும் பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர்கள் என்று மாநில அரசு தன் அளவிலேயே விதி செய்ய வேண்டும். மத்திய சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது, அதற்கு மேல் செல்வதை அது தடுக்கவில்லை. மூவர் இருந்தால் ஒன்றும் இரண்டும் சேர்ந்து ஒருவரிடம், மூன்று தனியாக ஒருவரிடம், நான்கும் ஐந்தும் ஒருவரிடம் இருக்கும். இது மிகையான கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. அதோடு, ஒவ்வொரு குறுவள மையத்திலும் ஓரிரு மாற்று ஆசிரியர்களை வைத்திருந்து, யாரேனும் விடுப்பில் அல்லது பயிற்சியில் இருக்கும் நாளில் அந்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, ஆண்டுக்கணக்கில் பணிக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு; 2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்கு அத்தகைய ஓர் உத்தரவையே பிறப்பித்தது. என் மகளை நான் பணியாற்றிய பள்ளியிலேயே சேர்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், கட்டாயத்தால் வரும் பெற்றோரைவிட நம்பிக்கையால் வரும் பெற்றோரே பள்ளியைக் காப்பார்கள்.

அந்தப் பெற்றோருக்குச் சட்டம் ஏற்கெனவே ஓர் இடம் தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. 2022இல் தமிழ்நாட்டில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, படிக்கும் குழந்தை ஒன்றின் தாயே தலைவராக வந்தார். பள்ளிக்கான மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் உரிமையும் இக்குழுவுக்கு உண்டு. கூட்டங்களில் பெரும்பாலும் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி பற்றியே பேசுகிறோம், அவையும் தேவைதான். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, தந்தையரே, அடுத்த கூட்டத்தில் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: கடந்த மாதத்தில் எத்தனை நாள்கள் நம் பள்ளியின் ஆசிரியர்கள் அனைவரும் நாள் முழுவதும் வகுப்பில் இருந்தார்கள்? தலைமையாசிரியர் மீது குறை சொல்வதற்காகக் கேட்காதீர்கள். பதில் சொல்ல அவரும் உங்களைவிட ஆவலோடு இருப்பார். அவர் சொல்லும் எண்ணைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, காரணங்களையும் சேர்த்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு மாதந்தோறும் அனுப்புங்கள். ஆகஸ்டு 1ஆம் தேதி தலைகளை எண்ண வருபவர்களின் மேசையில் அந்தத் தாள்களும் இருக்கட்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையுடன் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.