அசைன்மென்டை யார் எழுதியது?

(கண்டியில் பல்கலைக்கழக மாணவர்களும் விரிவுரையாளர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். அரை மணித்தியாலம் தந்திருக்கிறார்கள், வெளியே மழை இருட்டுகிற மாதிரியைப் பார்த்தால் அதுவும் கிடைக்காது போலிருக்கிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி வெளிவந்தது. அதிலிருந்து நம் பல்கலைக்கழகங்களில் செயற்கை நுண்ணறிவு என்று பேச்செடுத்தாலே, பிள்ளைகள் அசைன்மென்டை இதில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், எப்படிப் பிடிப்பது என்ற ஒரே கேள்விதான். பிடிக்க முடியாது. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அதற்கென ஒரு கருவியை வெளியிட்டது. மெஷின் எழுதியதில் 26 வீதத்தைத்தான் அது அடையாளம் கண்டது, மனிதர் எழுதியதில் 9 வீதத்தை மெஷின் எழுதியது என்றும் சொன்னது. அந்த ஜூலையிலேயே, துல்லியம் போதாது என்று அவர்களே அதை எடுத்துவிட்டார்கள்.

அதே வருடம் ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இப்படியான ஏழு கருவிகளுக்குக் கொடுத்தார்கள். சராசரியாக 61 வீதமான கட்டுரைகளை மெஷின் எழுதியது என்று அவை சொல்லின, அத்தனையும் மனிதர் கையால் எழுதியவை. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தத் தவறு அநேகமாக வரவேயில்லை. இப்போது பசறையிலோ தலவாக்கலையிலோ ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழில் உயர்தரம் படித்துவிட்டு, பேராதனை விஞ்ஞான பீடத்துக்கு வந்து, வந்த வருடமே ஆங்கிலத்தில் ஆய்வுகூட அறிக்கை எழுதுகிற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவள் எழுதுவது சின்னச் சின்ன வாக்கியமாக, தெரிந்த சொற்களையே திருப்பித் திருப்பிப் போட்டதாகத்தான் இருக்கும். கருவிக்குச் சந்தேகம் வருவதும் அந்த மாதிரி எழுத்தில்தான். கொழும்பில் ஆங்கில மொழிமூலம் படித்த பிள்ளை முழுதையும் மெஷினில் எழுதி அங்கங்கே நாலு சொல்லை மாற்றிவிட்டுத் தப்பிவிடும், மாட்டுவது நம் பிள்ளை.

சரி, அப்படியானால் திறந்து விட்டுவிடலாமா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணித பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரியான ஒன்றைக் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு விடையைச் சொல்லாமல் படிப்படியாகக் குறிப்பு மட்டும் கொடுக்கிற ஒன்று. பயிற்சி செய்யும்போது முதல் கூட்டம் 48 வீதமும் இரண்டாவது கூட்டம் 127 வீதமும் முன்னேறின. பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். சாதாரண கருவியில் பழகியவர்கள், அதைக் கண்ணாலேயே காணாத பிள்ளைகளைவிட 17 வீதம் குறைவாக வாங்கினார்கள். குறிப்புக் கொடுக்கிற கருவியில் பழகியவர்களுக்கு அந்தச் சரிவு அநேகமாக இல்லை, ஆனால் காணாதவர்களைவிடக் கூடவும் இல்லை. ஆக, 127 வீதம் என்று கேட்டு நாம் வாயைப் பிளந்தோமே, அது பரீட்சை மண்டபத்துக்குள் வரவில்லை.

ஆனாலும் தடை பண்ணுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குப் புள்ளிவிவரவியலில் ஒரு சந்தேகம் வந்தால், அப்பாவோ அண்ணனோ பட்டதாரியாக உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கேட்க ஆளிருக்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கெம்பஸ் வந்த பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? மெஷினிடம் தமிழில் கேட்கலாம், பத்துத் தரம் கேட்கலாம், இதுகூடத் தெரியாதா என்று யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இதைப் பிடுங்கினால் யாருக்கு அதிகம் நட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே மாற வேண்டியது நாம் கொடுக்கிற வேலை. வீட்டில் எழுதிக்கொண்டு வா என்று நாலாயிரம் சொல் கட்டுரை கொடுப்பதை முதலில் குறைப்போம். எழுதியதை வைத்து ஐந்து நிமிடம் நேரில் கேள்வி கேட்போம். (பின்வரிசையில் ஒரு சேர் சிரிக்கிறார், 200 பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று. எல்லோரையும் கேட்க வேண்டாம் சேர், யாரைக் கூப்பிடுவோம் என்று முன்கூட்டித் தெரியாமல் இருபது பேரைக் கூப்பிட்டால் போதும், மற்ற 180 பேரும் படித்துவிட்டுத்தான் வருவார்கள்.) அப்புறம், மெஷின் எழுதிய பதிலையே கையில் கொடுத்து, இதில் எது பிழை, எந்த ஆதாரத்தை வைத்துப் பிழை என்கிறாய் என்று கேட்போம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நம் அம்மாமார் கணக்கப்பிள்ளை வாயால் சொல்கிற கிலோவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, தராசை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். அந்தப் பழக்கம்தான் இங்கே தேவை.

ஆராய்ச்சிக்கு வருவோம். 2024இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பாதி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டைச் செய்த டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. உலகத்தின் பெரிய கூடங்களில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அது போதும். நமக்குப் பக்கத்தில் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கொப்புள நோய் பிடித்த கொழுந்தைப் படத்தை வைத்தே அடையாளம் காணக் கணினியைப் பழக்குவதெல்லாம் ஒரு கடைசி வருட மாணவர் செய்யக்கூடிய வேலை. அதில் எனக்குக் கவலை இல்லை, நடக்கும்.

என் கவலை வரலாறு, சமூகவியல் பக்கம். இந்த மெஷின்கள் எழுதி வைத்ததிலிருந்து படித்தவை. மலையகத் தமிழரான நம்மைப் பற்றி எழுதி வைத்தது கொஞ்சம், அதிலும் பெரும்பகுதி தோட்டத் துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் ஆங்கிலத்தில் எழுதியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கேட்டால் ஓரளவு சரியாகவே சொல்லும்: நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரின் விஷயம் 1974 வரை தொங்கலில். இவ்வளவும் எங்கும் கிடைக்கிற கணக்கு. உங்கள் தோட்டத்திலிருந்து எந்தெந்தக் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது, ஒரே வீட்டில் அண்ணன் போகத் தம்பி ஏன் நின்றான் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொன்னால் நல்ல மெஷின். பல நேரம் சொல்லாது, வழுவழுவென்று ஒரு கதையைக் கட்டி, இல்லாத கட்டுரையொன்றை அடிக்குறிப்பிலும் போட்டுவிடும். நியூயோர்க்கில் 2023இல் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்ட வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டொலர் தண்டம் விதித்தது. நம் ஆய்வேட்டில் வந்தால் யார் கண்டுபிடிப்பது?

அதனால் மலையகத்தைப் பற்றி ஆய்வு செய்கிற பிள்ளைகள் மெஷினிடம் விடை கேட்கப் போகாதீர்கள், அதற்கு எடுபிடி வேலை கொடுங்கள். தோட்டத்தில் வேலைநாளும் சம்பளமும் பதிந்த பழைய செக்ரோலையும் பிறப்புப் பதிவையும் படமெடுத்துக் கொடுத்தால் கையெழுத்தை ஓரளவு வாசித்துத் தரும், நீங்கள் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து கொடுத்தால் தட்டச்சு செய்து தரும், ஆனால் ‘பெரட்டுக் களம்’ (காலையில் வேலை பிரிக்கிற இடம்) என்றும் ‘அரைப்பேர்’ (அரை நாள் சம்பளம்) என்றும் அவர் சொன்னதை என்னென்னவோ ஆக்கி வைத்திருக்கும், அதை நம் வீட்டுக் காதுதான் திருத்த முடியும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து, மலையக ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது. நீங்கள் சேகரிப்பதையும் அப்படி ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நாளைக்கு மெஷினும் கொஞ்சம் சரியாகப் பேசும். ஒன்று மட்டும்: பாட்டியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், யார் நாடற்றவராக இருந்தார் என்பதையெல்லாம் இலவசச் சேவை ஒன்றில் ஏற்றிவிடாதீர்கள். 2003இல்தான் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. அந்தக் காகிதங்களைப் பற்றிய பயம் இன்னும் போகாத வீடுகள் இருக்கின்றன.

மெஷினால் ஆகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தன. மண்சரிவை முன்கூட்டிக் கணிக்கிற ஆய்வுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி, செய்யத்தான் வேண்டும். ஆனால் மீரியபெத்தை ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மக்களுக்கு எழும்பிப் போய்க் குடியிருக்க ஒரு துண்டுக் காணி சொந்தமாக இல்லை. இந்தத் துறையில் ஆய்வுக்கு வருகிற மாணவர்கள் கணிப்பின் துல்லியத்தை இன்னும் இரண்டு வீதம் கூட்டுவதோடு நிற்காமல், எச்சரிக்கை கிடைத்த பிறகு மக்கள் ஏன் நகரவில்லை என்பதையும் அதே ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கடைசியாகக் காசு. தமிழுக்கு இதில் செலவு கூட. மெஷின் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கிறது, துண்டு கூடினால் காசும் கூடும். 2024 மேயில் ஓபன்ஏஐ புதிய மாதிரியை (மாடலை) வெளியிட்டபோது காட்டிய உதாரணத்தில், முன்பு 116 துண்டாக வெட்டப்பட்ட ஒரு தமிழ்ப் பகுதி 35 ஆகக் குறைந்திருந்தது. நல்லதுதான். ஆனால் நல்ல மாதிரி முழுதாக வேண்டுமென்றால் மாதம் 20 டொலர், தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அது நாலு நாளுக்கு மேலான உழைப்பு. ஒரு பிள்ளை காசு கட்டி வாங்கியதோடும் இன்னொரு பிள்ளை இலவசத்தோடும் வந்து உட்கார, இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோலில் புள்ளி போடுகிறோம். பல்கலைக்கழகம் எல்லோருக்கும் சேர்த்து வாங்க வேண்டும், அல்லது இலவசமாகக் கிடைப்பதை மட்டுமே வைத்துச் செய்யக்கூடிய வேலையைக் கொடுக்க வேண்டும். எது என்று அடுத்த தவணை தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு பாட அட்டவணையிலும் எழுதிவிடுங்கள். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பின்வரிசை சேரிலிருந்தே தொடங்கலாம்.