வயிற்றுக்குள் ஒரு வயல்

நேயர்களுக்கு வணக்கம். சிலர் சாப்பிட உட்காரும் நேரம் இது. மலம் என்ற சொல்லை அடிக்கடி சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையின்போது குடல் பாக்டீரியாக்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். மலத்தைத் தவிர்த்துவிட்டு அதைப் பேச வழியில்லை.

ரத்தப் புற்றுநோய் வார்டில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வருபவர்களிடம் வாரம் ஒருமுறை சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து மலம் கேட்போம். எல்லோருக்கும் கூச்சம். ஒருமுறை ஒரு பையனின் அப்பா என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டார். கும்பகோணம் பக்கத்து விவசாயி. மகனுக்கு லுக்கேமியா, அக்காதான் மஜ்ஜை கொடுக்கிறாள். "நோய் ரத்தத்துல. இதை எதுக்கும்மா வாங்கிட்டுப் போறீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. அவரோடு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். நம் குடலுக்குள் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. புது மஜ்ஜை ஏற்றுவதற்கு முன் கடுமையான கீமோ கொடுக்கிறோம். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்த மருந்து கெட்ட கிருமியோடு சேர்த்து, குடலில் சும்மா இருந்தவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். பிறகு ஏதாவது ஒரு வகை மட்டும் குடல் முழுக்கப் பரவிவிடும். பல நேரங்களில் அது என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வயல்ல மருந்தடிச்சு எல்லாத்தையும் அழிச்சா முதல்ல வர்றது கோரைதாம்மா. கிழங்கு மண்ணுக்கு அடியில இருக்கும், மருந்து அதுகிட்டப் போகாது." என்டரோகாக்கஸும் அப்படித்தான், பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அசையாது. அன்றிலிருந்து எந்தக் குடும்பத்துக்கு விளக்கினாலும் நான் கோரையைத்தான் சொல்கிறேன். அவரும் டப்பாவைத் தானே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்.

இதை உலக அளவில் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க், டர்ஹாம், ஜெர்மனியில் ரெகன்ஸ்பர்க், ஜப்பானில் சப்போரோ என்று நான்கு ஊர்கள். கொடையாளரிடம் மஜ்ஜையோ, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லோ பெற்ற 1,362 நோயாளிகள், 8,767 மல மாதிரிகள். சப்போரோக்காரர் சாப்பாடு வேறு, ரெகன்ஸ்பர்க்காரர் சாப்பாடு வேறு. ஆனாலும் நான்கு ஊரிலும் ஒரே காட்சி: பல வகை குறைந்து, ஒரு வகை மேலேறுகிறது. சிகிச்சைக்கு வந்து சேரும்போதே சிலருடைய குடல் சீர்குலைந்திருந்தது. பல வகை பாக்டீரியாக்கள் நிலைத்திருந்தவர்களிடம் இறப்பு குறைவு. இதை வைத்து பாக்டீரியாதான் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது. உடம்பு அதிகம் மோசமானவருக்கு ஆன்டிபயாட்டிக்கும் அதிகம் போயிருக்கும் இல்லையா? ஆனால் நியூயார்க்கிலும், மற்ற மூன்று ஊர்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஒன்றுபோல் வந்திருப்பதை ஒதுக்கவும் முடியாது.

சரி, தயிர் சாதம். எல்லா அம்மாக்களும் கேட்பது இது. தயிரில் நல்ல பாக்டீரியா இருக்கிறதே, கொடுக்கலாமா? வெள்ளணு இல்லாத உடம்பில் நல்ல பாக்டீரியாவும் ரத்தத்துக்குள் போய்விடலாம். நல்ல பாக்டீரியாவை அடைத்த புரோபயாட்டிக் மாத்திரைக்கும் இதே பதில்தான். மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் கொடுக்காதீர்கள். பாலில் வேறொரு சங்கதி உண்டு. என்டரோகாக்கஸுக்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை நல்ல தீனி. லாக்டோஸ் இல்லாத உணவு கொடுத்த எலிகளிடம் அந்த பாக்டீரியா பெருகுவது குறைந்தது, கொடையாளரின் அணுக்கள் உடம்பைத் தாக்கும் நோயும் தணிந்தது என்று 2019இல் காட்டினார்கள். இது எலியில் பார்த்தது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பாலை நிறுத்திவிடாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். கார்-டி சிகிச்சையைச் சொல்லாமல் போக முடியாது. நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களை எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றி, அவருக்கே திரும்ப ஏற்றுவது அது. ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் கார்-டி எடுத்துக்கொண்ட 228 பேரைப் பார்த்து 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. கார்-டி கொடுப்பதற்கு முந்தைய நான்கு வாரத்தில் மெரோபெனம் மாதிரியான வீரியமான ஆன்டிபயாட்டிக் போனவர்கள் உயிரோடு இருந்த காலம் குறைவு. அதற்காகக் காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாட்டிக்கை மறுத்துவிடாதீர்கள். என்ன மருந்து, எத்தனை நாள் என்ற சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. நோயாளியின் சொந்த மலத்தையே முன்கூட்டி உறைய வைத்து, சிகிச்சைக்குப் பின் அவருக்கே திருப்பிச் செலுத்தும் முறை. நியூயார்க்கில் 14 பேருக்குச் செய்து பார்த்தார்கள், குடலில் பல வகைகள் திரும்பி வந்தன. அந்த விவசாயியிடம் சொன்னபோது, "விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி" என்றார். அந்தக் கதையை விரிவாகச் சொல்ல இன்றைக்கு நேரமில்லை. வணக்கம்.