காலுக்குள் ஒரு கெண்டை

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் 30 வருடம் பிசியோதெரபி பார்த்தவன் நான். குன்னூர்ப் படிக்கட்டும் எஸ்டேட் சரிவும் என்னிடம் அனுப்பிவைத்த கால்கள் கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்குப் பேச்சு கெண்டைக்காலைப் பற்றி.

உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நில்லுங்கள். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். நடுவில் பருத்து, கீழே போகப் போக ஒடுங்கி, தோலுக்கடியில் துள்ளுகிறதல்லவா? அதுதான் கெண்டை.

ஒருநாள் தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். "ராத்திரியானா கெண்டை ஏறிக்குது சார்" என்றார். பக்கத்தில் வடக்கேயிருந்து புதிதாக வந்த இளம் டாக்டர். அரைகுறைத் தமிழ், ஆனால் மீன்கடைத் தமிழ் மட்டும் சுத்தம். "கெண்டை சாப்பிட்டீங்களா? முள் தொண்டையில் இருக்கா?" என்று டார்ச்சை எடுத்துவிட்டார். அந்த அம்மா அசரவில்லை. காலை நீட்டி, "இந்தக் கெண்டைதான் தம்பி, முள்ளு கிடையாது" என்றார்.

அப்புறம் டாக்டர் என்னிடம் கேட்டார்: "காலுக்குள் மீனை யார் விட்டது?" பதில் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

முதலில் அவரையே மடக்கினேன். அவர் வாய்க்கு வாய் சொல்லும் 'மஸில்', லத்தீனில் 'முஸ்குலுஸ்'. அதாவது சுண்டெலி. கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்தான், 'மூஸ்'. கையை மடக்கினால் புஜத்தில் எலி ஓடுகிற மாதிரி இருந்ததாம். அவர்களுக்கு எலி ஓடலாம், நமக்கு மீன் நீந்தக் கூடாதா? என்னைக் கேட்டால் எலியைவிட மீன்தான் பொருத்தம். நுனிக்காலில் நின்று பார்த்தீர்களே, நீங்களே சொல்லுங்கள்.

மீனைப் பார்த்தது நாம் மட்டுமல்ல. இந்த மலையின் வடக்குச் சரிவில் இறங்கினால் கன்னடம். அங்கே இந்தச் சதைக்குப் பெயர் 'மீனகண்ட'. ஆனால் ஒன்று, இந்தக் குளிரில் பேர்போன மீன் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த டிரவுட். அவலாஞ்சிப் பண்ணையே 1907இல்தான் வந்தது. கெண்டை என்ற சொல் சமவெளிக் குளத்திலிருந்துதான் மலை ஏறியிருக்க வேண்டும். ஏறி வந்ததில் அதற்கே கெண்டை பிடித்திருக்கும்!

தெலுங்கில் 'பிக்க'. கொட்டைக்கும் அதே சொல். டாக்டர்கள் சொல்லும் 'காஸ்ட்ரோக்னீமியஸ்' கிரேக்கத்திலிருந்து வந்தது. காலின் வயிறு என்று பொருள். தொப்பை பின்னாலும் இருக்கிறது, பாருங்கள். அதற்கடியில் 'சோலியஸ்' என்று இன்னொரு தசை. லத்தீனில் 'சோலியா' என்றால் செருப்பு. நாக்கு மீன் போன்ற தட்டை மீனுக்கும் அதே பெயர். மறுபடியும் மீன்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: ரஷ்ய மொழியில் 'இக்ரா' என்றால் மீன்முட்டை, கெண்டைக்காலும் அதுதான். டச்சுக்காரர்களுக்கும் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலேயருக்குக் கன்றுக்குட்டி... அதற்கு நேரமில்லை. குதிகால் கதையும் பாக்கி.

ராத்திரி கெண்டை ஏறினால் காலை நீட்டி, பாதத்தின் நுனியை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். வணக்கம்.