புரோடீனியாவுக்கு பேரு மாறி ரொம்ப நாளாச்சு

வணக்கம் நேயர்களே. நிலக்கடலை போடுற ஊர்ப்பக்கம் போனா இன்னைக்கும் "சார், காட்டுல புரோடீனியா விழுந்திருச்சு"ன்னுதான் சொல்லுவாங்க. இலையைத் தின்னுற ஒரு அந்துப்பூச்சிப் புழுவைத்தான் அப்படிச் சொல்றாங்க. ஆனா இப்போ அந்தப் பேர்ல தனியா ஒரு ஜீனஸே, அதாவது நெருங்கின இனங்களைச் சேர்த்து வெக்கிற பேரினமே, கிடையாதுங்க. ராத்திரி லைட்டைச் சுத்துற விட்டில்ல ஆந்தை அந்துப்பூச்சின்னு ஒரு பெரிய குடும்பம், அதுல 1852ல கெனேங்கிற பிரெஞ்சுக்காரர் ஸ்போடாப்டெரா, புரோடீனியா, லாஃபிக்மான்னு மூணு ஜீனஸ் தனித்தனியா வெச்சாரு, பின்னாடி வந்தவங்க மூணும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதான்னு ஸ்போடாப்டெராவுலயே சேர்த்துட்டாங்க. அப்படித்தான் நம்ம புரோடீனியா, ஸ்போடாப்டெரா லிட்டூரா ஆச்சு. நெல்லு நாத்தங்கால்ல கூட்டமா இறங்குமே படைப்புழு, 2018ல கர்நாடகாவுல தென்பட்டு அப்புறம் நம்ம மக்காச்சோளத்தையும் ஒரு வழி பண்ணுச்சே அமெரிக்கன் படைப்புழு, எல்லாம் இதே ஜீனஸ்தான்.

பெண் பூச்சியோட வாசனையைக் காட்டி ஆணை இழுக்குற இனக்கவர்ச்சிப் பொறியில விழுந்த அந்துப்பூச்சியை எடுத்துப் பாருங்க, பின் இறக்கை வெள்ளையா, கண்ணாடி மாதிரி மினுமினுக்கும். அமெரிக்கன் படைப்புழுவோட ஆண் அந்துப்பூச்சிக்கு முன் இறக்கை நுனிகிட்ட ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். ஆனா பொறிக்குள்ள அடிச்சு அடிச்சு செதில் பூரா உதிர்ந்து, பாதிப் பூச்சி மொட்டையாத்தான் கிடக்கும், அதுல எந்தத் திட்டைத் தேடுறது? லிட்டூராவுக்கு ஆப்பிரிக்காவுல லிட்டோராலிஸ்னு ஒரு பங்காளி வேற இருக்கு, இறக்கையை மட்டும் வெச்சு ரெண்டையும் பிரிக்கவே முடியாது. வயித்தை தனியா எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல சூடு பண்ணி, சதை கரைஞ்சதும் சின்ன பிரஷ்ஷால தேய்ச்சு, உள்ள இருக்குற இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்புல பார்க்கணும். ஆண்ல அது ரெண்டு பக்கமும் மடல் விரிச்ச மாதிரி இருக்கும், அந்த மடலோட வடிவம்தான் இனத்துக்கு இனம் மாறும். என்னைக் கேட்டா கலர் போட்டோ பார்த்து பேரு சொல்றவங்களை நான் அவ்வளவா நம்பமாட்டேன்.

புழுவுல பார்க்கிறது கொஞ்சம் சுலபம். அமெரிக்கன் படைப்புழுவுக்குத் தலையில தலைகீழா ஒய் எழுத்து தெரியும், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, மத்த புழுவுலயும் லேசா தெரியும். வாலுக்குக் கொஞ்சம் முன்னாடி நாலு கரும்புள்ளி சதுரமா இருக்கா, அப்போ அமெரிக்கன்தான். குட்டிப் புழுவுல இது சரியா தெரியாது, இலையைப் போட்டு ரெண்டு மூணு நாள் வளர்த்துப் பாருங்க. தனித்தனி டப்பாவுல போடுங்க, ஒண்ணா விட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுரும்.