முழு எபிசோடையும் பாருங்கள், துண்டை அல்ல!

வணக்கம் மக்களே! கல்லடியில் இருந்து பேசுகிறேன். இன்றைக்குச் சமையலும் இல்லை, கடற்கரைச் சுற்றலும் இல்லை. சரியான கடுப்பில் இருக்கிறேன். அமெரிக்காவின் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ வினாடி வினா நிகழ்ச்சியில் ஜோன் கார்பென்டர் மில்லியன் டொலர் வென்றாரே, 1999 நவம்பர் 19, அந்த எபிசோட் என்றால் எனக்கு உயிர். பழைய ஆட்களுக்குத் தெரியும். இந்த வாரம் போனைத் திறந்தால் அதை ஒரு நிமிடத் துண்டாக வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கடைசிக் கேள்வி, போன் கால், கைதட்டல், முடிந்தது. முன்னால் நடந்தது எங்கே?

அதனால் மச்சாள் வீட்டுப் பெரிய டிவியில் முழுவதையும் போட்டோம். லேப்டொப்பை இணைக்க எச்டிஎம்ஐ வயர் தேவை. டவுனில் ஒரு கடையில் 1,850 ரூபா என்றார்கள். ஒன்றரை மீட்டர் வயர்! பேசாமல் திரும்பி நடந்தேன். வாசலைத் தாண்டவில்லை, “தங்கச்சி, 1,600 தாங்கோ” என்று குரல் வந்தது. நான் 1,300 என்றேன். அவர் தலையாட்டவில்லை, நானும் நகரவில்லை. கடைசியில் 1,400! வயரைக் கையில் வாங்கும்போது எனக்கு இருந்த சந்தோசம் இருக்கிறதே! மறுகா மிச்சக் காசில் கச்சான். கச்சான் இல்லாமல் நான் டிவி முன்னால் உட்காருவதில்லை, தெரியும்தானே.

சரி, விசயத்துக்கு வருகிறேன். 2012 இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ பார்த்தவர்களுக்கு விளையாட்டு புரியும், அதே விளையாட்டுத்தான் இது, இரண்டுமே பிரிட்டன் நிகழ்ச்சியில் இருந்து வந்தவை. கார்பென்டர் வரித் திணைக்களத்தில் வேலை செய்த மனிதர். ஒவ்வொரு கேள்வியாகப் பதற்றமே இல்லாமல் தாண்டுகிறார். கடைசியான பதினைந்தாவது கேள்வி வரும்போது ஐம்பதுக்கு ஐம்பது, பார்வையாளர் வாக்கு, போன் என்ற மூன்று உதவிகளும் அப்படியே கையில் இருக்கின்றன! ‘லாஃப் இன்’ நகைச்சுவை நிகழ்ச்சியில் தோன்றிய ஜனாதிபதி யார்? ஜோன்சன், நிக்சன், கார்ட்டர், ஃபோர்ட். அப்போதுதான் அப்பாவுக்கு போன் போடச் சொல்கிறார். உதவி கேட்கவா? இல்லை! “அப்பா, உதவி தேவையில்லை, மில்லியன் டொலரை வெல்லப் போகிறேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்” என்கிறார். எனக்கு இப்பவும் மயிர்க்கூச்செறிகிறது.

ஆ, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். விடை நிக்சன். அவர் அதில் வந்தது 1968 இல், ஜனாதிபதி ஆவதற்கு முன்னால், தேர்தலில் நிற்கும்போது.

மாமா முதலில் துண்டு வீடியோவைத்தான் பார்த்திருந்தார். “இது திமிர்” என்றார். வெட்டிப் போட்டால் திமிராகத்தான் தெரியும்! பதினான்கு கேள்வியையும் உதவியே இல்லாமல் தாண்டியதைக் கண்ட பிறகு அந்த போன் கால் வேறு மாதிரி. ஒரு பிள்ளை அப்பாவிடம் முதலில் சொல்லும் சந்தோசம் அது. மாமா பாதிதான் ஒத்துக்கொண்டார்.

அடுத்தது பிரிட்டனில் முதல் மில்லியன் பவுண்ட் வென்ற ஜூடித் கெப்பல், 2000 நவம்பர் 20 எபிசோட். அதுவும் முழுசாகத்தான். மாமாவிடம் யாரும் விடையைச் சொல்லிவிடாதீர்கள்!