பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவ் என்ற சின்ன ஊரிலிருந்து வருகிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். மருத்துவ ஆய்வுகளுக்குத் தரவு பதிவு செய்வதுதான் என் வேலை, இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் தடித்த நோட்டில் காய்ச்சல், பேதி, பிரசவம் என்று எழுதி வைப்பாரே, அதையே நான் கணினியில் செய்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இனிப்புநீர், அதாவது நீரிழிவு பற்றிய ஓர் ஆய்வு. சேர்த்த தரவை வேறோர் ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பெயர், அடையாள அட்டை எண்ணான ஐசி நம்பர், முகவரி, தொலைபேசி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் பக்கத்து மேசைத் தோழி ஒருமுறை பார்த்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரி. ஒரு வரியில் விரலை வைத்து நின்றுவிட்டாள். 58 வயது, பெண், இந்தியர், பகாவ், முன்பு பால் மரம் வெட்டியவர் (ரப்பர் பால் எடுத்தவர்), இடது கால் முட்டிக்குக் கீழே எடுக்கப்பட்டது. "இது நம்ம மார்க்கெட்டுல வடை விக்கிற அக்காதானே?" என்றாள்.

அவரேதான். அந்த அக்காவின் சர்க்கரை அளவு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் அதே வரியில் இருந்தன. கோலாலம்பூரில் 58 வயதில் காலை இழந்த பெண்கள் பலர் இருப்பார்கள், யாரென்று யாருக்கும் தெரியாது. பகாவில் ஒருவர்தான். சின்ன ஊரில் பெயரை எடுப்பது முக்காட்டைப் போட்டுக்கொண்டு சொந்தத் தெருவில் நடப்பது மாதிரி. நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் வயதை 55 முதல் 59 என்று மாற்றினேன். பகாவ் என்பதை நெகிரி செம்பிலான் ஆக்கினேன். கால் எடுத்ததை "பாதச் சிக்கல் உண்டு" என்று சுருக்கினேன். இனி அது அந்த அக்கா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த மாவட்டத்தில் கால் எடுப்பது அதிகம், அங்கே கிளினிக்குப் போக எவ்வளவு தூரம் என்று பார்க்க நினைக்கும் ஆய்வாளருக்கு அந்த வரியில் இனி ஒன்றுமில்லை. மறைக்க மறைக்கத் தரவின் பயன் தேய்கிறது. இதற்குச் சுலபமான வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐசி நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் எண் என்று நினைத்துக் கடையில், கார்டு வாங்கும் இடத்தில் எல்லாம் கொடுத்துவிடுகிறோம். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பாதிக் கதை அதிலேயே இருக்கிறது.

மரபணுத் தரவு என்றால் இன்னும் ஒரு படி மேலே. 2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு, பெயர் நீக்கிப் பொதுவில் வைத்திருந்த மரபணுத் தரவிலிருந்து அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமை எடுத்து, வம்சாவளி தேடும் இணையத் தளங்களோடு ஒப்பிட்டு, குடும்பப் பெயரை ஊகித்தது. அதோடு வயதையும் மாநிலத்தையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஐம்பது பேர் யாரென்று தெரிந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதே! அப்பா பெயர்தான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அந்த வித்தை நம்மிடம் பலிக்காது. ஆனால் ஊர், தோட்டம், யாருடைய மகள் என்று நமக்கும் வேறு அடையாளங்கள் உண்டே.

"அப்படியென்றால் யாருக்கும் எதையும் கொடுக்காமல் இருந்துவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். என் தம்பியும் அதைத்தான் கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். நம் மாநிலத்துக் கதைதான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் பெரிபெரி என்ற நோய் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. கால் வீங்கும், உணர்ச்சி போகும், இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று கணக்கெடுத்தார். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அதிகமாக வந்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907-இல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். கணக்கு சரி, ஆனால் காரணம் தப்பு. பழைய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தார்.

அதே 1907-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலெபு காட்டில் டுரியான் திப்புஸில் சாலை போட்டுக்கொண்டிருந்த முன்னூறு ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசியும் மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் வெள்ளை அரிசிப் பக்கம் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள், நோயும் பக்கம் மாறியது. குறை நஞ்சில் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தில்தான் என்று அந்த வழியில்தான் தெரிந்தது. பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிகளுக்கு வைட்டமின் தெரியாது, புழுக்கத் தெரியும்.

ஒருவர் சேர்த்த கணக்கை மற்றவர்கள் பார்க்க முடிந்ததால்தான் அவருடைய தப்பு திருந்தியது. பிராடன் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் கால் வீங்கிச் செத்திருப்பார்களோ.

மரபணுவிலும் இதே கதைதான், ஆனால் அங்கே நாம் மிகக் குறைவு. 2015-இல் முடிந்த "ஆயிரம் மரபணுத் தொகுதிகள்" திட்டத்தில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2504 பேரின் தரவு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதில் தமிழர் என்று ஒரு குழு உண்டு. இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள், நூறு பேரளவில். மலேசியத் தமிழர் என்று ஒரு குழு இல்லை. 2009-இல் சிங்கப்பூர் வெளியிட்ட தொகுப்பில் 83 இந்தியர்கள். நமக்கு நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் அவர்கள்தான்.

நாம் இல்லாவிட்டால் என்ன போயிற்று? இதயத் தசையை உருவாக்கும் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போகும் மாற்றம் ஒன்று உண்டு. இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் நூற்றுக்கு நான்கு பேரளவில் அது இருப்பதாகவும், இதயச் செயலிழப்போடு அதற்குத் தொடர்பு உண்டென்றும் 2009-இல் மதுரை ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்டார்கள். இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வந்துவிடும் என்றில்லை, பயப்பட வேண்டாம். ஐரோப்பியர்களை மட்டும் ஆயிரக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிலராக இருப்பதால்தான் நம் தரவுக்கு மதிப்பு. சிலராக இருப்பதால்தான் நம்மை அடையாளம் காண்பதும் சுலபம். இரண்டும் ஒரே காரணம்.

அந்த ஜாவானியத் தொழிலாளர்களை யார் கேட்டிருப்பார்கள்? தட்டில் போட்டதைச் சாப்பிட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற சிறிய பழங்குடி மக்கள் 1990-களில் இனிப்புநீர் ஆய்வு என்று நினைத்து ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை மனநோய் பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்றும் ஆராய்ந்திருப்பது பிறகு தெரியவந்தது. வழக்கு நடந்து, 2010-இல் அந்த ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் ஆய்வின் நெறிமுறைக் குழுவும், நீங்கள் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவமான அந்த பாரமும்தான் முக்கியம். பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், காத்திருக்கிறாரே என்ற கூச்சம்! கூச்சப்படாதீர்கள், காத்திருப்பதும் அவர் வேலைதான்.

தரவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஐந்து லட்சம் பேரின் தரவை வைத்திருக்கும் பிரிட்டனின் யூகே பயோபேங்க், முன்பு அனுமதி பெற்ற ஆய்வாளர்களைத் தரவை இறக்கிக்கொண்டு போக விட்டது. இப்போது தன் கணினித் தளத்துக்குள்ளேயே வந்து வேலை செய்யச் சொல்கிறது. நூலகத்தில் இரவல் தராத புத்தகம் மாதிரி, அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

போன வருடம் என் அம்மாவையே ஓர் ஆய்வில் சேரக் கூப்பிட்டார்கள். பாரத்தில் மூன்று கட்டங்கள். இந்த ஆய்வுக்குச் சம்மதமா, வருங்கால ஆய்வுகளுக்குச் சம்மதமா, வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் பகிரச் சம்மதமா. நான் பக்கத்தில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் இரண்டு கட்டத்தில் டிக் போட்டார். மூன்றாவதில் பேனாவை வைத்துவிட்டு, "இந்த வெளிநாட்டுக்காரங்க யாரு?" என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றார் மிஸ்ஸி. "முடிவானதும் வந்து சொல்லுங்கம்மா, அப்ப போடுறேன்" என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருக்குத் தேநீர் கலக்க எழுந்து போய்விட்டார்.